மார்பறை வடிகுழலும் நீரடைப்புச் சீசாவும்

உடலின் எப்பகுதியில் பெரிய அறுவை சிகிச்சை நிகழ்ந்தாலும், அவ்விடத்தில் குருதியும் நிணநீரும் சிறிது காலம் கசிந்துகொண்டிருத்தல் இயல்பு. அக்கசிவு உள்ளே தேங்கினால் சீழ்பிடிக்க இடமுண்டு. ஆதலின் அதனை வெளியேற்றுவதற்கு ஒரு குழலை உள்ளே வைத்துவிட்டு மருத்துவர் தையலிடுகிறார். வயிற்றறையாயின் ஒரு குழலும் அதன் முனையில் ஒரு பையும் இதற்குப் போதும். மார்பறையிலோ அவ்வாறு செய்தல் இயலாது. அங்கு வைத்த குழலின் வெளிமுனை காற்றுக்குத் திறந்து கிடக்குமாயின், நீர் வெளியேறுவதற்கு மாறாக, நோயாளி இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து நுரையீரலைச் சுருக்கிவிடும்.

நுரையீரல் புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்டவரின் கட்டிலின் கீழ், நீர் ஊற்றிய ஒரு சீசா தரைமீது வைக்கப்பட்டிருப்பதை மருத்துவமனைக்குச் செல்வோர் கண்டிருக்கலாம். அது கழிவுநீர் சேரும் பாத்திரம் என்றே பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் பாதி உண்மையே. கழிவைச் சேர்ப்பது அதன் இரண்டாவது பணி. காற்று வெளியேறலாம், உள்ளே வரலாகாது என்னும் நியதியைக் காப்பதே அதன் முதற்பணி. இவ்வொரு நியதியைத் தெளிவாக உணர்ந்தவர்க்கு, வடிகுழலைப் பராமரிக்கும் விதிகள் அனைத்தும் தாமாகவே விளங்கும். உணராதவர் நல்லெண்ணத்துடன் செய்யும் சிறு உதவியும் நோயாளியின் உயிருக்கு ஆபத்தாய் முடியக்கூடும்.

இன்று நுரையீரல் அறுவைக்குப் பின் நோயாளிகள் பெரும்பாலும் சில நாட்களிலேயே வீடு திரும்புகின்றனர். சிலர் குழலுடனேயே திரும்புகின்றனர். அவர்களை ஊர்களிற் சென்று காணும் சுகாதாரப் பணியாளருக்கும், மூச்சின் இயக்கத்தை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியருக்கும் பயன்படும் பொருட்டு இவ்விஷயத்தை இங்கு விரித்துரைப்போம்.

மூச்சின் அமைப்பு

நுரையீரலின் மேற்பரப்பை ஒரு மெல்லிய சவ்வு போர்த்திருக்கிறது. மார்புச் சுவரின் உட்புறத்தையும் அதே வகைச் சவ்வு போர்த்திருக்கிறது. இவ்விரு சவ்வுகளையும் சேர்த்துப் புளூரா என்பர். இவற்றின் இடையே உள்ள இடம் பெயரளவிலேயே இடமாகும். சில தேக்கரண்டி அளவுக்கு மிகாத வழவழப்பான நீர் மட்டுமே அதில் உண்டு. நனைந்த இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வழுக்குமேயன்றிப் பிரியாதது போன்று, இச்சவ்வுகளும் மூச்சுதோறும் வழுக்கிச் செல்கின்றன, பிரிவதில்லை.

நுரையீரல் நீள்தன்மை உடையது; தன்னியல்பில் சுருங்கவே முயல்வது. மார்புச் சுவரோ வெளிநோக்கி விரிய முயல்வது. இவ்விரு முயற்சிகளுக்கும் இடையிலுள்ள புளூரா இடைவெளியில், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தம் எப்போதும் நிலவுகிறது. அமைதியாக மூச்சு விட்ட நிலையில் இக்குறைவு நீர்மட்ட அளவில் சுமார் 5 சென்டிமீட்டர். மூச்சை உள்ளே இழுக்கையில் அது சுமார் 8 சென்டிமீட்டர் ஆகிறது. இதனை நாம் குறையழுத்தம் என்று குறிப்பிடுவோம். நுரையீரலை விரிந்த நிலையில் பிடித்துவைத்திருப்பது இக்குறையழுத்தமே. மார்புச் சுவரில் துளை ஏற்பட்டு வெளிக்காற்று உட்புகுந்தால் குறையழுத்தம் அழியும்; நுரையீரல் சுருங்கிவிடும்.

அறுவைக்குப் பின் நேர்வது

வலது நுரையீரல் மூன்று மடல்களையும், இடது நுரையீரல் இரண்டு மடல்களையும் கொண்டவை. புற்றுநோய் ஒரு மடலளவில் நிற்குமாயின் அம்மடலை மட்டும் அகற்றுவதே வழக்கம். மடல்களைப் பிரிக்கும் பிளவு பலருக்கு முழுமையாக அமைந்திருப்பதில்லை. ஆதலின் அவ்விடத்தில் நுரையீரல் திசுவையே வெட்டிப் பிரிக்க நேர்கிறது. எத்துணைத் திறமையாகத் தைத்தாலும் சிறு காற்றறைகள் சில திறந்து நின்று, மூச்சுக் காற்று புளூரா இடைவெளியில் கசிகிறது. இது காற்றுக் கசிவு.

நோய் பரவியுள்ளதா என்று அறியும் பொருட்டு நிணநீர் முடிச்சுகளையும் மருத்துவர் அகற்றுகிறார். அதனால் அறுபட்ட நிணநீர் நாளங்களிலிருந்தும், காயமுற்ற பரப்பிலிருந்தும் நீரும் குருதியும் ஊறுகின்றன. இது நீர்க் கசிவு. இவை இரண்டையும் வெளியேற்றி, எஞ்சிய மடல்கள் விரிந்து காலியிடத்தை நிரப்புமாறு செய்தலே வடிகுழலின் நோக்கம். நுரையீரல் விரிந்து மார்புச் சுவரைத் தொட்டுவிட்டால், கசியும் துளைகள் அச்சுவரில் ஒட்டித் தாமாகவே மூடிக்கொள்ளும். விரியாது நின்றால் துளைகள் திறந்தே கிடக்கும். காலியிடத்தில் நீர் தேங்கிச் சீழாகவும் மாறலாம்.

முன்னர் இரண்டு குழல்களை வைப்பது வழக்கமாயிருந்தது. காற்று மேலே செல்வதாதலின் ஒன்று மார்பறையின் உச்சிக்கும், நீர் கீழே தங்குவதாதலின் மற்றொன்று அடித்தளத்துக்குமாக வைக்கப்பட்டன. மடல் அகற்றும் அறுவைக்குப் பெரும்பாலும் ஒரே குழல் போதும் என்பதும், அதனால் வலி குறைகிறது என்பதும் பின்னர்த் தெளிவாயின. குழலின் பருமனைப் ‘பிரெஞ்சு’ என்னும் அளவால் குறிப்பர். ஒரு பிரெஞ்சு என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எனவே 24 எண்ணுள்ள குழலின் வெளிவிட்டம் 8 மில்லிமீட்டர் ஆகும்.

சீசாவின் தத்துவம்

சீசாவின் மூடியில் இரு துளைகள் உண்டு. மார்பிலிருந்து வரும் குழல் ஒரு துளையின் வழியே இறங்கி, நீருக்குள் சுமார் 2 சென்டிமீட்டர் ஆழம் அமிழ்ந்திருக்கும். மற்றத் துளை காற்றுக்குத் திறந்திருக்கும். நோயாளி மூச்சு விடும்போதும் இருமும்போதும் மார்பறையின் அழுத்தம் உயர்கிறது. அவ்வுயர்வு 2 சென்டிமீட்டர் நீரின் எதிர்ப்பைக் கடந்ததும் காற்று குமிழியாக வெளியேறுகிறது. மூச்சை இழுக்கும்போது காற்று திரும்பி வர முயன்றாலும் நீர் வழிமறிக்கிறது. சிறிதளவு நீர் குழலில் ஏறி நிற்குமேயன்றிக் காற்று புகாது. உலோகமோ ரப்பரோ இன்றி நீரால் மட்டுமே அமைந்த ஒருவழிக் கதவு இது. இதனையே நீரடைப்பு என்கிறோம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். உயரமான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் தூய குடிநீரை நிரப்பி, பானம் அருந்தும் நீண்ட உறிஞ்சுகுழல் ஒன்றை 2 சென்டிமீட்டர் ஆழம் அமிழ்த்தி ஊதினால், குமிழிகள் எளிதில் எழும். அதே குழலை 15 சென்டிமீட்டர் ஆழம் அமிழ்த்தி ஊதினால், அதிக முயற்சி வேண்டியிருப்பதை மாணவர் தாமே உணர்வர். ஊதுவதை நிறுத்தி மெல்ல உறிஞ்சினால் வாய்க்கு வருவது நீரேயன்றிக் காற்றன்று. முதற்சோதனை கதவு திறப்பதையும், இரண்டாவது ஆழம் மிகுந்தால் கதவு கனத்துவிடுவதையும், மூன்றாவது கதவு அடைபடுவதையும் காட்டுகின்றன.

இரண்டாவது சோதனை நடைமுறையில் முக்கியமானது. வடியும் நீர் அதே சீசாவில் சேர்வதால் நீர்மட்டம் உயர்ந்து, குழல்முனை மேலும் ஆழத்திற் செல்கிறது. சீசாவின் அடிப்பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். 320 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால் மட்டம் 3.2 சென்டிமீட்டர் உயரும். தொடக்கத்தில் 2 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்த முனை இப்போது 5.2 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். களைத்த நோயாளி அவ்வளவுக்கு அதிகமாக முயன்றே காற்றை வெளியேற்ற வேண்டும். இது கருதியே சீசாவை உரிய காலத்தில் மாற்றுகின்றனர். அல்லது வடிநீர் ஓர் அறையிலும் நீரடைப்பு மற்றோர் அறையிலுமாக அமைந்த கருவியைப் பயன்படுத்துகின்றனர்.

இம்முறை தோன்றிய வரலாறு

மார்பறையைக் காற்றுக்குத் திறவாமல் வடிக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவர் சிலர் கையாளத் தொடங்கினர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த கொத்தார்ட் பூலாவ், நீருள் அமிழ்ந்த குழலைக் கொண்டு சீழை வடிக்கும் தம் முறையை 1891இல் விரிவாக வெளியிட்டார். ஆயினும் இதன் இன்றியமையாமையை உலகுக்கு உணர்த்தியது முதல் உலகப் போரின் இறுதியில் நேர்ந்த பெருந்துன்பமே. 1917-18இல் அமெரிக்க இராணுவ முகாம்களில் நிமோனியாவும் அதைத் தொடர்ந்து மார்பறைச் சீழும் பரவின. விலா எலும்பை வெட்டி மார்பறையைத் திறந்துவிடுவதே அக்காலச் சிகிச்சை. அதற்கு ஆளானவர்களில் சராசரியாக நூற்றுக்கு 30 பேர் மாண்டனர். இதனை ஆராய 1918இல் அமைக்கப்பட்ட குழுவில் எவர்ட்ஸ் கிரகாம் என்னும் அறுவை நிபுணர் இடம்பெற்றார். நோயின் தொடக்கத்திலேயே மார்பைத் திறப்பதால் புகும் காற்றே மரணத்துக்குப் பெருங்காரணம் என்று அவர் காட்டினார். மூடிய வடிகால் முறையைக் கையாண்டபின் இறப்பு விகிதம் நூற்றுக்கு 5க்கும் கீழே இறங்கியது.

1929இல் சான் பிரான்சிஸ்கோவின் ஹரால்ட் பிரன், நுரையீரல் மடலை ஒரே கட்டத்தில் அகற்றி, மூடிய வடிகுழலால் எஞ்சிய நுரையீரலை விரியச் செய்த அனுபவத்தை வெளியிட்டார். 1933 ஏப்ரல் 5ஆம் நாள், செயின்ட் லூயிஸ் நகரில், அதே கிரகாம் புற்றுநோய் கண்ட ஒருவரின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் வெற்றிகரமாக அகற்றினார். நோயாளியும் ஒரு மருத்துவரே. அறுவைக்குப் பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார். 1950இல் கிரகாமும் எர்ன்ஸ்ட் வைண்டரும் சேர்ந்து, புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 684 நோயாளிகளைக் கொண்டு எடுத்துக்காட்டினர். நெடுங்காலம் புகைபிடித்து வந்த கிரகாம், 1957இல் அந்நோயாலேயே மரணமடைந்தார்.

சீசா கூறும் செய்திகள்

நீரடைப்புச் சீசா வாயற்றதாயினும், காணத் தெரிந்தவர்க்கு நோயாளியின் உள்நிலையை இடையறாது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. கவனிக்கத்தக்கவை நான்கு.

முதலாவது, நீரின் ஊசலாட்டம். மூச்சை இழுக்கையில் குழலினுள் நீர் ஏறுவதும், விடுகையில் இறங்குவதும் குழல் திறந்திருப்பதன் அடையாளம். ஊசலாட்டம் நின்றுவிட்டால் இரு காரணங்கள் இருக்கலாம். நுரையீரல் முழுமையாக விரிந்து குழலின் துளைகளை மூடியிருக்கலாம், இது நன்று. அல்லது குழல் மடிந்தோ, நோயாளியின் உடலுக்கடியில் நசுங்கியோ, குருதிக் கட்டியால் அடைபட்டோ இருக்கலாம், இது தீது. எது என்பதை எக்ஸ்-ரே படமும் மருத்துவரின் சோதனையும் தீர்மானிக்கும். மடிப்பு உண்டா என்று குழலின் முழு நீளத்தையும் பார்ப்பது எவரும் உடனே செய்யக்கூடியது.

இரண்டாவது, குமிழிகள். இருமும்போது மட்டும் குமிழி எழுந்தால் கசிவு சிறிது. மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் எழுந்தால் கசிவு அதனினும் பெரிது. மூச்சு விடும்போதும் இழுக்கும்போதும் ஓயாது குமிழியிட்டால், நுரையீரலில் பெருங்கசிவு இருக்கலாம். அல்லது குழலின் இணைப்பு எங்கேனும் தளர்ந்து வெளிக்காற்று புகலாம். ஆதலின் இணைப்புகளை முதலில் சோதித்தல் வேண்டும். 5 நாட்களுக்கு மேலும் நீடிக்கும் கசிவை நீடித்த காற்றுக் கசிவு என வகைப்படுத்துவது வழக்கம்.

மூன்றாவது, வடிநீரின் நிறம். முதல் நாள் சிவந்தும், பின்னர் வெளிறியும், இறுதியில் தெளிந்த மஞ்சளாகவும் மாறுதல் முறையான போக்கு. வெளிறிய நீர் மறுபடியும் செங்குருதியாக மாறுமாயின் உடனே மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். கலங்கித் துர்நாற்றம் வீசினால் சீழ் என்று ஐயுறலாம். நோயாளி கொழுப்புள்ள உணவை உண்ணத் தொடங்கிய பின் வடிநீர் பால்போல் வெண்மையாயின், குடலிலிருந்து கொழுப்பை ஏற்றிச்செல்லும் பெரிய நிணக்குழாய் காயமுற்றிருக்கக்கூடும். பாலுண்டதால் பால் வடிகிறது என்று வீட்டார் எளிதாகக் கருதிவிடுவதுண்டு. அவ்வாறு விட்டால் உடலின் புரதமும் கொழுப்பும் அன்றாடம் வீணாகி நோயாளி விரைவில் மெலிவார்.

நான்காவது, அளவு. சீசாவில் முதலில் ஊற்றிய நீரின் அளவை ஒரு பட்டையில் எழுதி ஒட்டி, குறித்த நேரங்களில் மட்டத்தைக் குறித்துவருவர். முதலில் ஊற்றியது 500 மில்லிலிட்டர், மறுநாள் அதே நேரத்தில் காண்பது 820 மில்லிலிட்டர் எனில், வடிந்தது 320 மில்லிலிட்டர். முதல் மணியிலேயே 1,000 மில்லிலிட்டரைத் தாண்டிய குருதியோ, மணிக்கு 200 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குருதி இரண்டு முதல் நான்கு மணி நேரம் தொடர்தலோ, மறுபடியும் மார்பைத் திறந்து பார்க்கவேண்டிய நிலையைப் பொதுவாகக் குறிக்கும். குருதி திடீரென்று நின்றுவிடுதலும் எப்போதும் நற்செய்தி அன்று. குழல் அடைபட்டு, குருதி உள்ளேயே தேங்குவதாகவும் இருக்கலாம். நாடித்துடிப்பு மிகுந்து, முகம் வெளுத்து, மூச்சு திணறினால் இவ்வையம் வலுக்கும்.

செய்யத்தகாதவை

குமிழியிடும் குழலை ஒருபோதும் கவ்வியிட்டு அடைக்கலாகாது. நோயாளியைத் தள்ளுவண்டியில் எக்ஸ்-ரே அறைக்கு அழைத்துச் செல்லும்போது, சீசா கவிழுமோ என்றஞ்சிக் குழலைக் கவ்வியால் இறுக்கிவிடுவது பலரும் செய்யும் பெருந்தவறு. நுரையீரலிலிருந்து கசியும் காற்று அப்போதும் நிற்பதில்லை. வெளியேறும் வழிதான் அடைபடுகிறது. அக்காற்று மூச்சுதோறும் உள்ளே பெருகி, நுரையீரலை நசுக்கி, இருதயத்தையும் பெருநாளங்களையும் மறுபுறம் தள்ளி, சில நிமிடங்களில் உயிரைப் போக்கவும் கூடும். சீசாவை மார்பு மட்டத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, குழலைத் திறந்தபடியே அழைத்துச் செல்வதே முறை. சீசாவின் காற்றுத்துளையைப் பஞ்சாலோ பட்டையாலோ அடைத்துவிடுவதும் குழலைக் கவ்வியிடுவதற்கு ஒப்பாகும்.

சீசாவை மார்புக்கு மேலே தூக்கலாகாது. தூக்கினால், உயரத்திலுள்ள பாத்திரத்திலிருந்து நீர் தாழ்விடத்துக்குக் குழல்வழி பாய்வதுபோல், அசுத்தமான வடிநீர் மார்பறைக்குள் பாயும். கட்டிலில் நோயாளியின் பக்கத்திலோ மேசைமீதோ சீசாவை வைப்பதும் இக்காரணத்தாலேயே தகாது.

குழலை இருவிரலால் இறுக்கிப் பிடித்து உருவுதல் முன்னர் நாள்தோறும் செய்யப்பட்டு வந்தது. அவ்வாறு உருவும்போது குழலினுள் நீர்மட்ட அளவில் 400 சென்டிமீட்டர் வரையிலும் குறையழுத்தம் உண்டாகக்கூடும் என்று 1982இல் வெளியான அளவீடுகள் காட்டின. இயல்பான மூச்சில் உண்டாவது 8 சென்டிமீட்டர் என்பதை ஒப்புநோக்குக. மென்மையான நுரையீரல் திசு குழலின் துளைகளில் சிக்கிக் காயமுற இது போதும். குழலைத் தரைவரை தொங்கவிட்டு வளைய விடுவதும் நன்றன்று. வளைவில் தேங்கும் நீர் இரண்டாவது நீரடைப்பாகி, காற்று வெளியேறுவதைத் தடுக்கும்.

சீசா உடைந்துவிட்டால், குழலின் முனையைத் தூய நீருள்ள வேறொரு சீசாவிலோ பாத்திரத்திலோ இரண்டு சென்டிமீட்டர் ஆழம் உடனே அமிழ்த்துக. மார்பிலிருந்து குழலே கழன்று வந்துவிட்டால், துளையைத் தூய துணியால் மூடி மூன்று பக்கங்களில் மட்டும் பட்டையிட்டு ஒட்டி, நான்காம் பக்கத்தை விட்டுவைத்தல் வேண்டும். மூச்சை இழுக்கையில் துணி ஒட்டி வழியை அடைக்கும். விடுகையில் ஒட்டாத பக்கத்தின் வழியே காற்று வெளியேறும். இங்கும் நாம் அமைப்பது ஒருவழிக் கதவே. கழன்ற குழலை மீண்டும் உள்ளே செருக முயலலாகாது.

ஒரு நுரையீரல் முழுவதும் அகற்றப்பட்டால்

மேற்கூறியவற்றுக்கு விலக்கான நிலை ஒன்றுண்டு. ஒரு பக்கத்து நுரையீரல் முழுவதும் அகற்றப்பட்டால், அங்கு விரிவதற்கு நுரையீரல் இல்லை. அவ்விடம் பல வாரங்களிலும் மாதங்களிலும் மெல்ல நீரால் நிரம்புவதே இயற்கை. அப்பக்கத்தில் உறிஞ்சுகருவியை இணைத்தால், இருதயம் அக்காலியிடத்தை நோக்கி இழுபட்டு அபாயம் நேரும். எனவே சில நிபுணர்கள் குழலே வைப்பதில்லை. வைப்பவர்களிற் பலர் அதைக் கவ்வியிட்டு, குருதிப் பெருக்குண்டா என்றறியவும் இருதயத்தை நடுநிலையில் நிறுத்தவும் குறித்த இடைவெளிகளில் சிறிது நேரமே திறந்து, பெரும்பாலும் மறுநாள் எடுத்துவிடுகின்றனர். இவ்வொரு நிலையில் கவ்வி மருத்துவரின் ஆணைப்படி இடப்படுவது. ஆதலின் நோயாளிக்கு அகற்றப்பட்டது மடலா, முழு நுரையீரலா என்பதை அறியாமல் குழலைத் தொடுவது தவறு.

குழலை எடுக்கும் காலம்

குழல் விலா நரம்புகளை உறுத்துவது. வலி மிகுந்தால் நோயாளி ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இருமவும் அஞ்சுவார். அதனால் சளி தங்கி நிமோனியா காணும். ஆதலின் தேவை தீர்ந்த குழலை ஒரு நாளும் வீணே விட்டுவைக்கலாகாது என்பது இக்கால மருத்துவரின் கருத்து. நாளொன்றுக்கு 100 முதல் 200 மில்லிலிட்டருக்குக் கீழே வடிநீர் குறைந்தபின்னரே குழலை எடுக்கலாம் என்று முன்னர் கருதினர். காற்றுக் கசிவு நின்று, வடிநீர் குருதியாகவோ பாலாகவோ இல்லாமல் தெளிந்திருப்பின், நாளொன்றுக்கு 450 மில்லிலிட்டர் வரை வடியும்போதே எடுக்கலாம் என்று 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2019இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி நெறிகளும் இதனை ஏற்றன.

சீசாவுடன் உறிஞ்சுகருவியை இணைத்து, நீர்மட்ட அளவில் 20 சென்டிமீட்டர் குறையழுத்தத்தில் இழுப்பது நெடுங்கால வழக்கம். விரைந்து இழுத்தால் விரைந்து குணமாகும் என்று தோன்றினும், கசியும் துளையை ஓயாது இழுத்துத் திறந்துவைப்பதாகவும் அது முடியலாம். மடல் அகற்றிய நோயாளிகளுக்கு எப்போதும் உறிஞ்சுகருவியை இணைக்க வேண்டுவதில்லை என்பதும், பலருக்கு நீரடைப்பு ஒன்றே போதும் என்பதும் இந்நூற்றாண்டின் ஆய்வுகளால் புலப்பட்டன. நுரையீரல் போதிய அளவு விரியாதபோதும், தோலுக்கடியில் காற்று பரவும்போதும் உறிஞ்சுகருவி பயன்படும். கசிவை நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று எண்ணால் காட்டும் மின்னணுக் கருவிகளும் பெரிய மருத்துவமனைகளில் வந்துள்ளன. ஆயினும் அவற்றின் உட்பொருளும் காற்றுக்கு ஒரே வழி என்பதே.

குழல் இருக்கும் நாட்களில் நோயாளி படுத்தே கிடக்க வேண்டுவதில்லை. சாய்ந்து உட்காருதல், தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துக்கொண்டு இருமுதல், ஆழ்ந்து மூச்சிழுத்தல், அறுவை செய்த பக்கத்துத் தோளை அசைத்தல், சீசாவைக் கையில் தாழப் பிடித்து நடத்தல் ஆகிய யாவும் நுரையீரலை விரியச் செய்யும் மருந்துகளே.

வீடு திரும்பிய பின்

காற்றுக் கசிவு நீடிக்கும் சிலரைச் சீசாவுக்குப் பதிலாக, ரப்பர் நாக்கு போன்ற ஒருவழி வால்வு ஒன்றையோ, அவ்வால்வு அமைந்த பையையோ பொருத்தி வீட்டுக்கு அனுப்புவர். அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹெய்ம்லிக் 1960களில் இத்தகைய வால்வைப் புகுத்தினார். அதன்மீது குறித்துள்ள அம்புக்குறி நோயாளியிடமிருந்து வெளிநோக்கி இருத்தல் வேண்டும். திருப்பிப் பொருத்தினால் வெளியேறும் வழி முற்றிலும் அடைபட்டு, கவ்வியிட்டதற்கு ஒப்பான ஆபத்து விளையும். பையில் காற்று வெளியேறும் துளை திறந்துள்ளதா என்பதையும், பை காற்றால் உப்பியுள்ளதா என்பதையும் காணச் செல்லும் பணியாளர் முதலில் பார்த்தல் வேண்டும்.

குழல் எடுக்கப்பட்டவரிடத்து, துளையிலிருந்து ஓரிரு நாட்கள் சிறிது மஞ்சள் நீர் கசிதல் அஞ்சத்தக்கதன்று. பின்வருவனவற்றில் ஒன்று காணினும் காலதாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்: திடீரென மூச்சுத்திணறல், கழுத்திலோ மார்பிலோ தோல் வீங்கி, அழுத்தினால் நொறுநொறுவென்று உணரப்படுதல், காய்ச்சல், துளையில் சீழ் அல்லது துர்நாற்றம்.

ஒரு நுரையீரலை முழுவதும் இழந்தவர் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ பின், இருமலுடன் நீர்த்த, துருநிறமான சளியைத் திடீரென மிகுதியாகக் கக்குவாராயின், அதனைச் சாதாரணச் சளி என்று விட்டுவிடலாகாது. தைத்து மூடிய மூச்சுக்கிளைக் குழல் பிளந்து, காலியிடத்தில் தேங்கிய நீர் நல்ல நுரையீரலுக்குள் பாய்வதன் அறிகுறி அது. அத்தகையவரை அறுவை செய்த பக்கம் கீழே இருக்குமாறு சாய்த்து, அந்நிலையிலேயே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. நல்ல பக்கம் கீழே இருப்பின் நீர் முழுவதும் அதனுள் இறங்கி மூச்சை அடைத்துவிடும்.

நோயாளி புகையிலையை மீண்டும் தொடாதிருத்தலைக் களப்பணியாளர் ஒவ்வொரு முறையும் வற்புறுத்துவாராக. கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள்களை விற்பதை 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துள்ளது என்பதை ஆசிரியர் அறிவர். அத்தடை தம் பள்ளியின் வாயிலில் நடைமுறையில் உள்ளதா என்று பார்ப்பதும், ஒரு குவளை நீரும் ஓர் உறிஞ்சுகுழலும் கொண்டு மேற்கூறிய சோதனையை மாணவர்க்குச் செய்து காட்டுவதும் அவர்களால் எளிதில் ஆகக்கூடியவை. அம்மாணவரின் இல்லத்தில் என்றேனும் ஒருவர் இத்தகைய குழலுடன் திரும்புவாராயின், சீசாவைத் தூக்கலாகாது, குழலை அடைக்கலாகாது என்று சொல்வதற்கு அவ்வீட்டில் அப்போது ஒருவர் இருப்பார்.